தபால் பெட்டியிலிருந்து ஒரு நாவல்!

ஒரு நாவல் எங்கே முளைத்தது என்று தோண்டிப் பார்ப்பதைவிட எனக்குக் குஷியான வேலை வேறில்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆன் பெட்ரியின் 'தி ஸ்ட்ரீட்' எங்கே முளைத்தது தெரியுமா? செய்தித்தாள் துணுக்கு ஒன்றில்! குடியிருப்புக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஆள் ஒருவன், தபால் பெட்டிகளிலிருந்து கடிதம் திருட ஒரு சிறுவனைப் பழக்கினான். செய்தி அவ்வளவுதான். சரி, பையனின் அம்மா அப்போது எங்கே போயிருந்தாள்? வேலைக்கு! அந்த ஒற்றைப் பதிலுக்குள் மொத்த நாவலும் இருக்கிறது. அம்மா லூட்டி ஜான்சன், மகன் பப், பராமரிப்பாளன் ஜோன்ஸ். இடம் நியூயார்க்கின் ஹார்லம், 116ஆம் தெரு.

இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள். பெட்ரி பட்டம் பெற்ற மருந்தாளுநர்! 1908இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் சேப்ரூக்கில் பிறந்தவர். அங்கும் பக்கத்து ஓல்ட் லைமிலும் குடும்பத்துக்கு மருந்துக்கடைகள். 1931இல் படிப்பை முடித்து அந்தக் கடைகளிலேயே மருந்து கொடுத்தார். சுற்றிலும் பெரும்பாலும் வெள்ளையர்கள். நாவலில் லூட்டி, தன் குழந்தையை விட்டுவிட்டு, பணக்கார வெள்ளைக் குடும்பம் ஒன்றில் தங்கி வீட்டுவேலை செய்கிறாள். அந்த வீடு இருப்பது லைமில்! இதைக் கவனித்தபோது எனக்கு உட்காரவே முடியவில்லை.

1938இல் கல்யாணமாகி ஹார்லம் வந்தார். 'ஆம்ஸ்டர்டாம் நியூஸ்' பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்தார். 'பீப்பிள்ஸ் வாய்ஸ்' இதழில் செய்தி எழுதினார், மகளிர் பக்கத்தைக் கவனித்தார். அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரின் மேடையில் நடிக்கக்கூடச் செய்தார்! இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்றில், ஹார்லம் பள்ளியில் அவர் வேலை பார்த்திருக்கிறார். அம்மா வேலை முடிந்து வரும்வரை, பயத்தில் விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கும் பப்பை அவர் ஊகித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை.

1943இல் 'தி கிரைசிஸ்' இதழில் வந்த சிறுகதை, ஹவுட்டன் மிஃப்லின் பதிப்பகத்தின் கண்ணில் பட்டது. பின்னர் ஐந்து அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் அனுப்பினார். 1945இல் 2,400 டாலர் உதவித்தொகை கிடைத்தது. 1946இல் நாவல் வெளிவந்து பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. கறுப்பினப் பெண் ஒருவரின் நாவல் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் முறை!

என்னைக் கிறங்கடிப்பது நாவலின் காசுக்கணக்கு. லூட்டிக்குச் சலவைக்கூடத்தில் வேலை, இரவு வகுப்பு, தேர்வு, கடைசியில் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் உத்தியோகம். இத்தனைக்குப் பிறகும் சம்பளம் வாடகையோடு மல்லுக்கட்டுகிறது. உழைத்தால் உயரலாம் என்பதற்குப் பெஞ்சமின் ஃபிராங்க்ளினையே சாட்சியாக வைத்திருக்கிறாள் லூட்டி. அவள் வாழ்க்கையைக் கையில் வைத்திருக்கும் வெள்ளை முதலாளிக்குப் பெட்ரி சூட்டிய பெயரோ ஜுண்டோ, ஃபிராங்க்ளின் 1727இல் தொடங்கிய மன்றத்தின் பெயர்! நல்ல பாட்டுக்காரி லூட்டி. அந்தத் தெருவை விட்டுக் கிளம்பப் பாட்டைத்தான் நம்புகிறாள். இசைக்குழுவோடு பாடவும் வைக்கிறார்கள். ஆனால் அவளைத் தனக்கென்று குறிவைத்திருக்கும் ஜுண்டோ, அவளுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாதென்று இசைக்குழுத் தலைவன் பூட்ஸிடம் சொல்லிவிடுகிறான். லூட்டியைப் போலவே பூட்ஸும் கறுப்பினத்தவன்தான், அவன் பிழைப்பும் ஜுண்டோ கையில். ஆகவே தலையாட்டுகிறான். புத்தகம் கிடைத்தால் அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.