கடலட்டையும் சீனாவின் பதிவிலக்கமும்

பருத்தித்துறை முனையிலிருந்து சுண்டிக்குளம் வரை நீளும் எமது கரையில் கடலட்டையைக் கறியாக்கி உண்பார் இல்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் இந்தக் கரையில் இவ்வளவு சச்சரவை மூட்டிய கடலுயிர் வேறொன்றில்லை. 2018இல் வடமராட்சி கிழக்கில் வந்து தங்கிக் கடலட்டை பிடித்த வெளிமாவட்டச் சுழியோடிகளுக்கு எதிராகக் கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கிப் போராடினர். 2021இல் பூநகரி, கௌதாரிமுனையில் சீன முதலீட்டுடன் அமைந்த பண்ணை பெரும் சர்ச்சையானது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பிலான கடலட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. யார் பிடிப்பது, எங்கே வளர்ப்பது, கடல் யாருடையது என்பவையே இவையனைத்திலும் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால், விற்கப்போகும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டும் பேசுபொருளாகவில்லை.

கடலட்டையின் பெறுமதி சீனரின் விருந்து மேசையிலேயே நிர்ணயமாகிறது. 'கடல் ஜின்செங்' என்ற பொருள்பட அவர்கள் அதனை அழைக்கின்றனர். குடல் நீக்கி, அவித்து, மணலிற் புதைத்துத் தோலின் சுண்ணப் படலத்தை அகற்றி, வெயிலில் உலர்த்தி எடுக்கும் முறை எமது கரையோரத்துக்குப் புதிதன்று. உலர்ந்ததைச் சாக்கில் கட்டி வியாபாரியிடம் ஒப்படைத்தால் தொழிலாளியின் அலுவல் முடிந்தது என்பதே நெடுநாள் வழக்கம். 2022 ஜனவரி 1ஆம் திகதியுடன் அந்தச் சாக்கின் மேல் சீனச் சட்டமும் ஏறி அமர்ந்துகொண்டது.

அன்று நடைமுறைக்கு வந்தவை, சீனச் சுங்கப் பொது நிர்வாகம் 2021 ஏப்ரலில் பிறப்பித்த 248, 249ஆம் இலக்கக் கட்டளைகள். சீனாவுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டு உற்பத்தி, பதனிடல், களஞ்சிய நிறுவனங்கள் அந்த நிர்வாகத்திடம் முன்கூட்டியே பதிவு பெறவேண்டும் என்பது முதலாவதன் சாரம். இறைச்சி, பால், தேன், கடலுணவு உள்ளிட்ட பதினெட்டு வகை உணவுகளுக்கு நிறுவனம் தானாக விண்ணப்பிப்பது போதாது. அந்த நாட்டு அரசின் பொறுப்புவாய்ந்த அமைப்பு ஆய்ந்து பரிந்துரைக்கவும் வேண்டும். இலங்கையில் கடலுணவைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கு உரியது. கிடைக்கும் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு மட்டுமே வாசலைத் திறந்துவிடாது. எந்த நாட்டிலிருந்து எந்தக் கடலுயிர் வரலாம் என்பதற்கும் சீனா தனிப்பட்டியல் வைத்திருக்கிறது.

இரண்டாவது கட்டளை பொதியைப் பற்றியது. உள்ளுறையிலும் வெளிப்பெட்டியிலும் பொருளின் பெயர், அதன் விஞ்ஞானப் பெயர், உற்பத்தித் திகதி, தொகுதி இலக்கம், கடலிற் பிடித்ததா வளர்த்ததா, எந்தப் பகுதியிற் பெறப்பட்டது, நிறுவனத்தின் பதிவிலக்கம் யாவும் பொறிக்கப்பட வேண்டும். அதுவும் சீனமொழியுடன் ஆங்கிலத்திலோ ஏற்றுமதி நாட்டின் மொழியிலோ இருக்கவேண்டும்.

இத்தனை கெடுபிடி வெளிநாட்டாரை வதைப்பதற்கென்றே வந்ததன்று. 2008இல் மெலமைன் கலந்த பால்மாவால் சீனாவில் ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. அந்த அதிர்ச்சியில் 2009இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2015இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் வழிவந்தவையே மேற்கூறிய கட்டளைகள்.

எமது கரைக்கு இதனால் விளைந்தது என்ன? பதிவிலக்கம் படகுக்குக் கிடைப்பதில்லை, சுழியோடிக்குக் கிடைப்பதில்லை, கடலில் வலையடைத்து வளர்ப்பவருக்கும் கிடைப்பதில்லை. தரநிர்ணயங்களுக்கு அமைந்த பதனிடும் நிலையத்துக்கே அது கிடைக்கிறது. நிலையம் அமைக்க முதல் வேண்டும், ஆய்வுகூடச் சான்று வேண்டும், சீனமொழி அறிந்தவர் வேண்டும். இவை கைவசமுள்ளவர் விலை சொல்வார். மற்றையோர் அந்த விலைக்குக் கொடுப்பர். பண்ணையின் உரிமையாளர் உள்ளூரவரா வெளியாரா என்ற வாதத்தில் நாம் வென்றாலும், பதிவிலக்கம் வேறொருவர் கையில் இருக்குமாயின் அந்த வெற்றி கடற்கரை மணலோடு நின்றுவிடும்.

ஹொங்கொங் ஊடாக அனுப்பலாமே என்பாருமுளர். அது தனிச் சுங்கப் பிரதேசம், அதற்குத் தனிச் சட்டம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கவாசலில் இடையாட்கள் பெருகுவர். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு கடைசியிற் சுழியோடியின் கூலியிலிருந்தே கழியும். சர்வதேச வணிக விதிகளும் உடன் வரும். ஹொலோதூரியா பேரினத்தின் மூன்று அட்டை இனங்கள் 2020 ஓகஸ்ட் 28 முதல் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. எமது பண்ணைகளில் வளரும் வெள்ளை அட்டை அந்த மூன்றில் ஒன்றன்று.

வாசல் திறந்திருப்பதும் நிச்சயமன்று. 2020 ஜூலையில் எக்குவடோர் நாட்டு இறால் பொதிகளில் கொரோனா வைரஸின் தடயம் காணப்பட்டதாகக் கூறி மூன்று நிறுவனங்களின் இறக்குமதியைச் சீனா இடைநிறுத்தியது. புகுஷிமா அணுமின் நிலையத்து நீர் கடலில் விடப்பட்டபோது, 2023 ஓகஸ்ட் 24இல் ஜப்பானின் கடலுணவு முழுவதும் தடுக்கப்பட்டது. ஹொக்கைடோவின் கடலட்டையும் சிப்பியும் தேங்கின. 2025 ஜூனில் ஓரளவு தளர்ந்த தடை, அரசியல் முறுகலின் நடுவே அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் வந்தது. ஜப்பானுக்கு வேறு சந்தைகள் உண்டு. கடலட்டைக்கு வேறு பெருஞ்சந்தை ஏது?

இவ்விடத்தில் 2021இன் சேதனப் பசளைக் கப்பலை நினைவூட்ட வேண்டியுள்ளது. சீன நிறுவனத்தின் பசளையில் தீங்கான பற்றீரியா உண்டெனத் தேசிய தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சேவை கண்டது, சரக்கு ஏற்கப்படவில்லை. நிறுவனம் அந்த முடிவை மறுத்தது. கொடுப்பனவு நிறுத்தப்பட்டதும் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் இட்டது. ஈற்றில் 2022 ஜனவரியில் ஏறக்குறைய 69 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. எமது சட்டம் சரக்கை மறுத்தது. எழுதிய ஒப்பந்தமோ பணத்தைக் கேட்டது. மறுதலையாக எமது கடலட்டை சீனத் துறைமுகத்தில் மறுக்கப்பட்டால் நட்டம் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் இன்றே எழுதிக்கொள்வது நல்லது.

பெயரின் பாதுகாப்பும் இத்தகையதே. சீனாவில் வணிகக் குறியைப் பொதுவாக முதலிற் பதிந்தவருக்கே உரிமை. ஐபாட் என்ற பெயருக்காக அப்பிள் நிறுவனமே 2012இல் 6 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. கொழும்பிற் பதிந்த குறி அங்கே தானாகச் செல்லாது. பருத்தித்துறை வடையை நாளை யாரேனும் ஷங்ஹாய்க்கு அனுப்ப எண்ணினால், வடைக்கு முன் பெயரை அனுப்ப வேண்டியிருக்கும்.

விதிகள் மாறியும் வருகின்றன. 248ஆம் இலக்கத்தின் இடத்தை 2026 ஜூன் 1 முதல் 280ஆம் இலக்கக் கட்டளை எடுக்குமென 2025 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இதனைத் தமிழில் வரிக்குவரி விளக்கி ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அனுப்புவது திணைக்களத்தின் கடமை. சங்கங்களின் சமாசம் தன் பெயரில் ஒரு பதனிடும் நிலையத்தை அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பண்ணைக்கு ஏக்கர் ஒதுக்கும் அரசு அந்த நிலையத்துக்கும் கடன் ஒதுக்கட்டும்.