நாடு விட்டு நாடு சம்பந்தம் பண்ணும் கோழிகள்

லயத்து வீட்டுப் பின்புறம் கோழி வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே வீட்டுச் சேவலும் கோழியுமாக நாலைந்து தலைமுறை போனால் கூமுட்டை பெருகும், குஞ்சுகள் சவலையாகும். உடனே பாட்டி, "இந்தச் சேவலை அடிச்சுக் குழம்பு வையி. பக்கத்து டிவிஷன்ல ஒரு சேவல் கேட்டு வாங்கியா" என்பாள். ரத்தம் மாறணும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

பெல்ஜியம் நாட்டில் கோன் வான்மெக்கெலன் என்ற கலைஞர் இதே கணக்கை 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டு வருகிறார். அங்கே மெக்கெலன் என்ற ஊருக்கென்று ஒரு கோழி உண்டு. உடம்பெல்லாம் சாம்பல் வரி. பக்கத்து நாடான பிரான்சில் பிரெஸ் கோழி. சிவப்புக் கொண்டை, வெள்ளை இறகு, நீலக் கால். அதாவது பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறம்! இந்தக் கோழியின் பெயரை வேறு எவரும் வைத்து விற்கக்கூடாதென்று 1957-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். நாம் மெர்டேக்கா கண்ட அதே ஆண்டு. கோழியிலும் எவ்வளவு ஜாதிப் பெருமை பாருங்கள்.

இந்த இரண்டையும் முதலில் சேர்த்து வைத்தார் மனுஷன். பிறந்த குஞ்சு வளர்ந்ததும் அதற்கு இங்கிலாந்துச் சம்பந்தம். அதன் குஞ்சுக்கு அமெரிக்கச் சம்பந்தம். பிறகு ஜெர்மனி, தாய்லாந்துச் சண்டைச் சேவல் என்று போய், இப்போது இருபது தலைமுறை தாண்டிவிட்டது. கோழிகளை உயிரோடும் படமாகவும் கண்காட்சிகளில் வைக்கிறார். இதெல்லாம் ஒரு கலையா என்று நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் லூவன் பல்கலைக்கழகத்து மரபியல் பேராசிரியர் ஒருவரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். ஆஸ்திரியாவில் 2013-இல் பெரிய பரிசும் கிடைத்தது.

சுத்த ஜாதி என்று எதைச் சொல்வது? உலகத்து வீட்டுக் கோழிக்கெல்லாம் மூதாய் சிவப்புக் காட்டுக்கோழி. நம் செம்பனை ஓரத்தில் விடியுமுன் கூவுகிறதே, அந்த இனந்தான். ஆனால் பல கோழிகளின் மஞ்சள் கால் அதனிடமிருந்து வந்ததில்லை. அது தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த சீர் என்று 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆக, கலப்பு பழைய சங்கதிதான். (ஒன்று மட்டும் கவனம்: காட்டுச்சேவலின் ரத்தம் வீட்டுக் கோழியோடு கலந்து கலந்து காட்டினமே கரைந்துவிடக்கூடாது. விதை நெல்லையும் சேர்த்துப் பொங்கிவிட்டால் அப்புறம் விதைப்பதற்கு ஏது?)

நம் மனதைத் தொட்டது வேறு. இந்தக் கோழிகளுக்கு 2019-இல் கென்க் என்ற ஊரில் 24 ஹெக்டேர் பூங்கா திறந்தார்கள். மற்ற பிராணிகளும் அங்கே உண்டு. அது முன்னே ஸ்வார்ட்பெர்க் நிலக்கரிச் சுரங்கம் இருந்த மண். அந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் வேலை செய்யப் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். பிழைக்க வந்தவர்கள், நம் தாத்தாமார்களைப் போல. 1966-இல் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூடப் போகிறோம் என்றதும் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். அந்தக் கலவரத்தில் இரண்டு பேர் உயிர் போனது. சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். எஸ்டேட் விற்றபோது நமக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

சுரங்கத்து மேனேஜர் பங்களாவை மட்டும் இடிக்கவில்லை. நம் ஊர்த் துரை பங்களா மாதிரிதான். நம்மில் பலருக்கு அதன் பின்வாசல்தான் தெரியும், அதுவும் தோட்டக்காரனாகவோ ஆயாவாகவோ போனால். கென்கில் அந்தப் பங்களாதான் இப்போது பூங்காவுக்கு முன்வாசல். அந்த ஊர்க்காரர் யார் வந்தாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள், கோழி பார்க்க.