எழுத்து மாறிய வன்தட்டு

பெங்களூர்ச் சிவாஜிநகரில் 1927-இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டின் கடை எண்கள் ஓர் இரவில் மாற்றப்படுமாயின், சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய எண்ணை நம்பி வருவோரே திகைப்பர். கணிப்பொறியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபின் வெளி வன்தட்டு ‘காணாமற்போவதும்’ பல வேளைகளில் இத்தகையதே.

விண்டோஸ் இயங்குதளம் தட்டுகளை ஆங்கில எழுத்துக்களால் குறிக்கின்றது. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பின்போது யு.எஸ்.பி. சாதனம் இணைந்திருப்பின் இவ்வெழுத்து தவறாக மாறக்கூடும் எனக் கண்ட மைக்ரோசாப்ட் நிறுவனம், அத்தகைய கணிப்பொறிகளுக்கு அப்புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆகவே, புதுப்பிக்குமுன் வன்தட்டைக் கழற்றிவிடுதல் நலம்.

தட்டு தென்படாவிடில், முதலில் வேறு கேபிளையும் வேறு யு.எஸ்.பி. வாயிலையும் பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். பின்னர் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ பகுதியைத் திறந்து நோக்குக. அங்கே தட்டின் பகுதி பழுதின்றி, எழுத்து மட்டும் இல்லாதிருப்பின், புதிய எழுத்தொன்றை அளித்தலே போதும். ஆனால் ‘ஃபார்மட்’ அல்லது ‘இனிஷியலைஸ்’ செய்யலாமா என்று கணிப்பொறி வினவின், இசைதல் கூடாது. இசைந்தால், பல்லாண்டுக் களக் குறிப்புகளும் பாடக் குறிப்புகளும் ஒரு நொடியில் கைவிட்டுப் போகக்கூடும்.

எத்தட்டும் ஒருநாள் பழுதுறும். பதிவுகளின் மற்றொரு படியை வேறிடத்தில் வைத்திருத்தலே உறுதியான காப்பு.