கழுத்துத் தழும்பு – 9: பாதி மாத்திரையின் கணக்கு

கதிர் அயோடின் கொடுத்து என்னைத் தனி அறையில் வைத்திருந்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். அந்த அறையை விட்டு வந்தபோது கையில் ஒரு சீட்டு, அதில் ஒரே ஒரு மாத்திரை, தைராக்ஸின். தைராய்டை முழுசாக எடுத்துவிட்டவர்களுக்குக் கடைசி வரை கூட வருவது அதுதான். இந்த வாரம், அந்த மாத்திரையை நான் வெட்டிய கதை.

முதல் இரண்டு வருடம் எனக்குத் தினம் 150 மைக்ரோகிராம். மூன்றாம் வருட ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் 125 ஆகக் குறைத்தார். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் பிரிக்காத 150 பாட்டில் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய விலை ஒன்றும் இல்லை. ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை. 150இல் பாதி 75. அதோடு 50 மாத்திரை ஒன்று. ஆக 125. கணக்கு டீச்சர் அல்லவா, யாரையும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவைத்து, ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினேன். சில சரிபாதியாகப் பிளந்தன. சில ஒருபக்கம் சாய்ந்து உடைந்தன. இரண்டு மூன்று பொடிந்தே போயின. எல்லாவற்றையும் ஒரு சின்னச் சம்படத்தில் போட்டு, மறக்காமல் இருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்தேன். தினமும் காலையில் கை தானாக அழகான பாதியாகப் பார்த்துத்தான் எடுக்கும். மாதக் கடைசியில் மிஞ்சியது உடைசலும் நொய்யும். இரண்டாம் மாதமும் இதே கதை. அந்த நொய்யைச் சாப்பிட்ட வாரத்தில்தான் லேபில் ரத்தம் கொடுத்தேன்.

டி.எஸ்.எச். இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டி ஏறியிருந்தது.

மற்ற தைராய்டு நோயாளிகளுக்கு அந்த எண் கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை. தைராய்டில் புற்று வந்த எங்களுக்கு அப்படியில்லை. டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் அதட்டல். "வேலை செய், வளர்" என்று அது சொல்வது, எங்கேயாவது ஒளிந்து மிச்சமிருக்கும் புற்றுச் செல்லின் காதிலும் விழும். அதனால் வெளியிலிருந்து தைராக்ஸினைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்து அந்தக் குரலை அடக்கி வைக்கிறார்கள். எவ்வளவு அடக்குவது என்பது நோயின் தன்மையைப் பொறுத்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் 0.1க்கும் கீழே, நடுத்தரம் என்றால் 0.1 முதல் 0.5 வரை, சிகிச்சைக்குப் பின் நோயின் தடயமே இல்லாத, அபாயம் குறைந்தவர்களுக்கு 0.5 முதல் 2 வரை. ரொம்ப நாள் அளவுக்கு மீறி அடக்கினால் அதற்கும் விலை உண்டு. இதயம் தாளம் தப்பலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். அதனால்தான் வருடங்கள் நல்லபடியாகப் போகப் போக டோஸைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். ரத்தத்தில் தைராக்ஸின் இரட்டிப்பானால் டி.எஸ்.எச். பாதியாவதில்லை, ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். மருந்து இந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தால் அந்த எண் அந்தப் பக்கம் தெருக்கோடிக்கு ஓடிவிடும். பத்துப் பன்னிரண்டு மைக்ரோகிராம் வித்தியாசத்துக்கு 88, 112, 137 என்றெல்லாம் மாத்திரை செய்வது இதற்காகத்தான்.

டாக்டர் திட்டவில்லை. "டீச்சர், போன தடவை டோஸைக் குறைச்சேன். அதனால எவ்வளவு ஏறிச்சு, உங்க கத்தியால எவ்வளவு ஏறிச்சுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு சீட்டின் பின்புறத்தில் எழுதினார்: ஒருநாள் 150, மறுநாள் 100. "சராசரி என்ன டீச்சர்?"

125. பல வருடம் பிள்ளைகளுக்குச் சராசரி நடத்தியவள் நான்.

ஒருநாள் அதிகம், மறுநாள் குறைவு என்றால் உடம்பு தள்ளாடாதா என்று கேட்டேன். தள்ளாடாது. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். ஒருநாள் போடாமல் விட்டால்கூடப் பத்தில் ஒரு பங்கு குறைவதே அதிகம். இன்று போடும் மாத்திரை, ஏற்கெனவே நிறைந்திருக்கும் தொட்டியில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர். டோஸை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். தொட்டியின் மட்டம் புது அளவுக்கு வந்து நிலைக்க அத்தனை நாள் வேண்டும்.

இப்படித் தினமும் ஒரே அளவாக இல்லாமல் கொடுப்பது இன்று நேற்றைய சங்கதியும் இல்லை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். தினமும் அல்ல; முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பிற்பாடு சாற்றை வாய்வழியாகக் கொடுத்தார். அந்த அம்மாள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பியைச் சாப்பிட்டு, 74 வயது வரை இருந்து, 1919இல் காலமானார். இன்றும் தைராய்டு மாத்திரை போடும் பெண் கர்ப்பமானால், வாரம் ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை போடச் சொல்வது உண்டு. மாத்திரை மாறுவதில்லை, வாரக் கூட்டுத்தொகைதான் மாறுகிறது.

அப்படியானால் வெட்டவே கூடாதா? அதற்கு விடை கிடைத்தது ஒரு நகைக்கடையில். என்னிடம் படித்த பையன் ஒருவன் எங்கள் ஊரில் கடை வைத்திருக்கிறான். மில்லிகிராம் வரை காட்டும் தராசு அவனிடம் உண்டு. ஒரு மாத்திரையைக் கொண்டுபோய் அங்கேயே வெட்டினேன். முழு மாத்திரையின் எடை நூறு மில்லிகிராமுக்கு அக்கம்பக்கம். அதில் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும், மீதியெல்லாம் மாவு. இரண்டு பாதியும் சமமாக இல்லை. பையன் இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்தான்.

"ரெண்டையும் சேர்த்தா முழுசு வந்துருதுல்ல டீச்சர்? கொஞ்சூண்டு தூள்தான் குறையுது. பொன்னா இருந்தா அந்தத் தூளையும் கூட்டி எடுத்திருப்போம்."

அதுதான் சூட்சுமம். இன்று பெரிய பாதியைச் சாப்பிட்டால் நாளைக்குச் சின்ன பாதி. இரண்டு நாள் கணக்கு நேராகிவிடும். நான் செய்த தப்பு, ஒரு மாத்திரையின் இரண்டு பாதிகளையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் கூட்டத்தில் கலந்து, நல்லதையெல்லாம் முதலில் தின்று தீர்த்தது. போதாததற்கு அடுப்பின் சூடும் ஆவியும். தைராக்ஸினுக்கு வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றுமே ஆகாது.

ஆகவே, டாக்டரே பாதி போடச் சொல்லியிருந்தால்: நடுவில் கோடு உள்ள மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள். கத்தி வேண்டாம், மாத்திரை வெட்டும் சின்ன டப்பா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாத்திரையை வெட்டுங்கள். அதன் மறுபாதி தீராமல் அடுத்ததைத் தொடாதீர்கள். முடிந்தால் சின்ன மாத்திரையை வெட்டுங்கள். ஐரோப்பிய மருந்துத் தர நூல், கோடு போட்ட மாத்திரையின் பாதிகளுக்கே நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின் ஆக இடம் கொடுக்கிறது. 150ஐ வெட்டும்போது அந்தப் பதினைந்து, 11 மைக்ரோகிராமுக்கும் மேல். 100 மாத்திரையை முழுசாகப் போட்டு, கூடவே 25ஐ மட்டும் பாதியாக்கினால், அதே பிசகு 2 மைக்ரோகிராம்கூட இல்லை.

ஒருநாள் கூடி மறுநாள் குறைந்தாலும் கணக்கு நேராகும் இந்தச் சலுகை, தைராய்டு மாத்திரைகளில் தைராக்ஸினுக்கு மட்டும்தான். சிலருக்குத் தரப்படும் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை ஒருநாளிலேயே பாதி கரைந்துவிடும்; அதற்கு வாரக் கணக்கு செல்லாது. ஜெல் கேப்சூலை வெட்டவே முடியாது. தைராக்ஸினிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறையை நீங்களாகத் தொடங்காதீர்கள். நானாக வெட்டத் தொடங்கி மூக்கு உடைபட்ட கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

டாக்டர் எழுதித் தந்த நாளிலிருந்து தினசரி காலண்டரில் தேதி கிழித்த கையோடு மாத்திரை. ஒற்றைப்படைத் தேதியில் 150, இரட்டைப்படையில் 100. மாதம் 31இல் முடிந்தால் மறுநாள் 1. அடுத்தடுத்து இரண்டு 150 வந்துவிடும். முதல் தடவை பதறிப்போய் போன் பண்ணினேன். "ஏழு நாள் தங்குற மருந்து டீச்சர், ஒருநாளைக்குக் கோவிச்சுக்காது" என்றார் டாக்டர்.

அந்த 150 பாட்டில் தீர்ந்துவிட்டது. இப்போது 125 மாத்திரையே வாங்குகிறேன், முழுசாக. அப்படியும் ஒருமுறை ரிப்போர்ட் காலை வாரியது. அந்தத் தடவை குற்றவாளி கத்தி அல்ல. மாத்திரை போட்ட கையோடு குடித்த டிகிரி காபியும், கூடவே விழுங்கிய கால்சியம் மாத்திரையும். அது அடுத்த வாரம்.

(தொடரும்)