நகலும் விலாசமும்

வேலணையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும். உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கிறார். வேலையாளுக்கு வீட்டின் படத்தை அனுப்பினால் படத்தில்தான் நிறம் ஏறும். விலாசத்தை அனுப்பினால் வேலை வீட்டிலேயே நடக்கும். சி மொழியில் சுட்டி என்பது இந்த விலாசந்தான்.

1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய இம்மொழியில், செயற்கூறுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு, எதைக் கொடுத்தாலும் அதன் நகல்தான் போகும். 5, 7 என்ற இரண்டு மதிப்புகளை இடம் மாற்ற ஒரு செயற்கூறு எழுதுகிறோம். அது நகல்களை மாற்றிவிட்டு முடிந்துவிடும். நம்மிடம் உள்ளவை மாறா. & குறியிட்டு அவற்றின் முகவரிகளைக் கொடுத்தால், * குறியின் வழியாகச் செயற்கூறு அந்த இடங்களுக்கே போய் மாற்றும்.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. முகவரியும் நகலாகவே போகிறது. செயற்கூறு தன் சுட்டியில் வேறு முகவரியை எழுதிக்கொண்டாலும், அழைத்தவரின் சுட்டி பழைய இடத்தையே காட்டும். வேலையாள் தன் துண்டில் விலாசத்தை மாற்றி எழுதினால், உரிமையாளரின் குறிப்பேட்டில் உள்ளது மாறுமா? சுட்டியையே மாற்ற வேண்டுமானால், சுட்டி இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு, அதுவே முகவரி. இன்றைய கணினிகளில் ஒரு முழுவெண் பெரும்பாலும் 4 பைட் பிடிக்கும். 1000 முழுவெண்கள் கொண்ட அணி 4000 பைட். அதைச் செயற்கூறுக்குக் கொடுக்கும்போது மட்டும் முழு அணியின் நகல் போவதில்லை, முதல் உறுப்பின் முகவரி மட்டுமே போகிறது: 64 பிற் கணினியில் வெறும் 8 பைட். அந்த முகவரியோடு 1 கூட்டினால் 4 பைட் தாண்டி அடுத்த எண்ணில் நிற்கும். அணியின் நீளம் முகவரியில் இல்லை. அதைத் தனியாகச் சொல்லி அனுப்பவேண்டும்.

ஒரு செயற்கூறை அழைக்கும்போது, அதன் உள்மாறிகளுக்கு அடுக்கு என்ற பகுதியில் இடம் கிடைக்கிறது. முடிந்ததும் அந்த இடம் அடுத்த அழைப்புக்குப் போகிறது. ஆகவே உள்மாறியின் முகவரியைத் திருப்பித் தரக் கூடாது. தந்தால் நிரல் சில வேளை சரியாக ஓடுவதுபோலவும் தோன்றும். அதனாலேயே பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். நீடித்திருக்க வேண்டிய தரவைக் குவியல் என்ற பகுதியில் கேட்டுப் பெற்று, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும்.

சி படிக்கத் தொடங்கும் மாணவர்களே, குறிகளை மனனம் செய்யுமுன் தாளில் பெட்டிகள் கீறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எழுதுங்கள். எது நகல், எது இடம் என்று கையால் தொட்டுக் காட்ட முடிந்தால் சுட்டி உங்கள் வசமாகிவிடும்.