கரடுமுரடான பாதைக்கான வாகனங்களின் உயரத்தைக் கூட்டுதல்

காட்டுப் பாதை, ஆற்றுப்படுகை, மலைத்தடம் போன்ற இடங்களில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனத்தின் உடலை, தொழிற்சாலையில் அமைத்த நிலையிலிருந்து சற்று மேலே தூக்கி அமைப்பது உயரம் கூட்டுதல் எனப்படும். பேச்சுவழக்கில் இதை ‘லிஃப்ட்’ என்கிறார்கள். 1 முதல் 2 அங்குலம் வரை (25 முதல் 50 மி.மீ.) கூட்டுவது சிறிய உயர்த்தலாகும். இக்கட்டுரை அதைப் பற்றியது.

உயர்த்துவதால் கிடைப்பது என்ன?

வண்டியை உயர்த்தினால் அடிப்பகுதி கல்லில் தட்டாது என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மைதான். ஒரு வண்டியின் அடியில் இரு வகைப் பகுதிகள் உள்ளன. சேஸிஸ், எரிபொருள் தொட்டி, கியர் பெட்டி, பம்பர் ஆகியவை ஸ்பிரிங்குகளுக்கு மேலே இருப்பவை. ஆக்சிலும் அதன் நடுவில் உருண்டையாகத் தெரியும் டிஃபரன்ஷியல் உறையும் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருப்பவை. ஸ்பிரிங்கை உயர்த்தும்போது முதல் வகை மட்டுமே உயரும். இரண்டாம் வகை டயரின் மேல் நிற்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சுசூகி ஜிம்னி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் முன், பின் ஆக்சில்கள் இரண்டும் ஒரே தண்டாக அமைந்த திட ஆக்சில்கள். தரை இடைவெளி 210 மி.மீ. ஸ்பிரிங்கை 50 மி.மீ. உயர்த்தினாலும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே உள்ள இடைவெளி சிறிதும் கூடாது. அதைக் கூட்ட வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும்.

இந்தக் கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ஜிம்னியின் டயர் அளவு 195/80 ஆர்15. இதில் 195 என்பது மி.மீ. அளவில் அகலம், 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 15 என்பது அங்குல அளவில் ரிம்மின் விட்டம். ஆகவே டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ. அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 டயரைப் போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகும். விட்டத்தில் கூடியது 40 மி.மீ. ஆனால் ஆக்சில் டயரின் மையத்தில் இருப்பதால் அது உயர்வது இதில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே.

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவது எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கிடைக்கிறது. இரண்டாவது, இரும்பு பம்பர், வின்ச், கூரைச் சுமை போன்றவற்றால் அமுங்கிய வண்டி பழைய உயரத்துக்கு வருகிறது. மூன்றாவது, கோணங்கள் கூடுகின்றன.

மூன்று கோணங்கள்

பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு ஏறு கோணம். பின்பகுதி உரசாமல் இறங்கக்கூடிய சரிவு இறங்கு கோணம். மேட்டின் முகட்டைக் கடக்கும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருக்கும் அளவு முகட்டுக் கோணம். சேஸிஸ் உயரும்போது இவை மூன்றும் சில பாகைகள் கூடும்.

முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் இதில் முக்கியம். மூன்று கதவு ஜிம்னியில் இத்தூரம் 2250 மி.மீ., முகட்டுக் கோணம் 28 பாகை. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் தூரம் 2590 மி.மீ., கோணம் 24 பாகை. இரண்டுக்கும் தரை இடைவெளி ஒன்றுதான். நீளமான வண்டியின் வயிறு எளிதில் தட்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

உயர்த்தும் முறைகள்

*ஸ்பேசர்:* சுருள் ஸ்பிரிங்கின் மேல் முனையில் ரப்பர், பாலியூரிதேன் அல்லது அலுமினிய வளையம் ஒன்றைச் செருகுவது. செலவு குறைவு, ஸ்பிரிங்கின் விறைப்பும் மாறாது.

*நீளமான ஸ்பிரிங்:* ஸ்பிரிங்கையே மாற்றிவிடுவது. இதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுவதே முறையானது.

*லீஃப் ஸ்பிரிங் வண்டிகள்:* பழைய மகிந்திரா ஜீப்புகளில் உள்ளதுபோன்ற பட்டைகளில், கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாம். அல்லது ஷேக்கிளை நீளமாக்கலாம். ஷேக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டுமே தாங்குவதால், அது 2 அங்குலம் நீண்டால் வண்டி சுமார் 1 அங்குலமே உயரும்.

*தனித்தியங்கும் முன் சக்கரங்கள்:* 2020இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் முன்புறம் இந்த வகை. இங்கே ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்தள்ளி அமைந்திருப்பதால், மேலே செருகும் ஸ்பேசரின் தடிமனைவிட வண்டி அதிகமாக உயரும். தடிமனை மட்டும் பார்த்து வாங்குவோர் இதனால் ஏமாறுவதுண்டு.

*உடலை மட்டும் உயர்த்துதல்:* சேஸிஸுக்கும் வண்டியின் கூட்டுக்கும் நடுவே கட்டைகள் வைப்பது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சேஸிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

இதனால் மாறுபவை

ஸ்பிரிங் ஒன்றை உயர்த்தினால் அதனோடு இணைந்த பல பாகங்களின் நிலை மாறுகிறது.

முதலாவது, சக்கரம் கீழே தொங்கும் அளவு. ஒரு வண்டியில் சக்கரம் 100 மி.மீ. கீழிறங்க ஷாக் அப்சார்பர் இடம் தருகிறது என்று கொள்வோம். அதை மாற்றாமல் வண்டியை 30 மி.மீ. உயர்த்தினால், ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே 30 மி.மீ. நீண்டு நிற்கும், மீதி 70 மி.மீ. மட்டுமே. பள்ளத்தில் சக்கரம் தரையை எட்டாமல் அந்தரத்தில் சுழலும். காட்டுப் பாதைக்காகச் செய்த மாற்றமே காட்டுப் பாதையில் பிடிப்பைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, காஸ்டர் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட அந்தச் சாய்வு உதவுகிறது. வண்டியின் முன் சக்கரங்களுக்கும் இத்தகைய சாய்வு உண்டு. ஜிம்னி போன்ற வண்டிகளில் உயர்த்தும்போது முன் ஆக்சில் சற்றுத் திரும்பி, இச்சாய்வு குறைகிறது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வராது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். இதைத் திருத்தத் தனி புஷ்கள் கிடைக்கின்றன.

மூன்றாவது, ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் கம்பி. இதன் சாய்வு கூடுவதால் ஆக்சில் சில மி.மீ. ஒரு பக்கமாக இழுபடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி இதற்குத் தீர்வு.

மேலும், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளின் கோணம் கூடி அதிர்வு வரலாம். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடலாம். சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் சோதனை. பெரிய டயர் போட்டால் வேகமானியும் தவறும். மேலே கண்ட 733 மி.மீ. டயரில், முன்பு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடிய அதே சக்கரச் சுழற்சியில் வண்டி சுமார் 63.5 கி.மீ. வேகத்தில் ஓடும்.

கவிழும் அபாயம்

வலச் சக்கரத்துக்கும் இடச் சக்கரத்துக்கும் இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் நிலைத்தன்மையின் அளவு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமும் கவிழும் அபாயத்தை மதிப்பிட இதைப் பயன்படுத்துகிறது. எண் குறையக் குறைய அபாயம் கூடும்.

அகலம் 1400 மி.மீ., மையத்தின் உயரம் 650 மி.மீ. என்று கொண்டால், 700 ÷ 650 = 1.08. வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் சக்கரங்களும் ஆக்சில்களும் உயராததால் மையம் சற்றுக் குறைவாக, 40 மி.மீ. உயர்வதாகக் கொள்வோம். அப்போது 700 ÷ 690 = 1.01. சிறிய மாற்றம் போலத் தோன்றினாலும், கூரையில் சுமை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வளைவில் திரும்பும்போது இந்த வேறுபாடு உணரப்படும். உயர்த்திய வண்டியை வளைவில் பழைய வேகத்தில் ஓட்டக் கூடாது.

இந்தியச் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றக் கூடாது என்றே கூறியது. ஆகவே பாகங்களை வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது அவசியம். தெரிவிக்காமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தடையாகலாம்.

செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

1. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர மையங்களிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்து அமுங்கியிருந்தால், புதிய ஸ்பிரிங் போடுவதே போதுமானதாக இருக்கலாம்.
2. தட்டுவது எது என்று பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியல் தட்டினால் டயரையும், பம்பரோ வயிறோ தட்டினால் ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும்.
3. ஸ்பேசரோடு ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் நீளத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.
4. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கின் கோணமும் சரிசெய்யப்பட வேண்டும்.
5. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.