நீராவி திருடும் அரைக்கால் அங்குல ஓட்டை!

இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

அது எங்கிருந்து வந்தது? நீராவியிலிருந்து வந்தது. ஆவி தன் சூட்டை மூடிக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்டுத் தான் தண்ணீராகிவிட்டது.

வீட்டில் அந்தத் தண்ணீர் இட்லி மேல் சொட்டினால், இட்லி நசநசத்துப் போகும். அவ்வளவுதான். ஆனால் ஆலைகளில் ஓடும் நீராவிக் குழாய்களுக்குள்ளும் இப்படித் தண்ணீர் சேருகிறது. அதை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் பணம் பாழாகும். சில வேளை உயிரும் போகும்!

தண்ணீரை வெளியே விட வேண்டும். ஆவியை விடக் கூடாது. இந்தக் காவல் வேலையைச் செய்ய ஒரு சின்ன இரும்புக் கருவி இருக்கிறது. அதன் பெயர் "ஸ்டீம் டிராப்". டிராப் என்றால் பொறி. எலிப்பொறி எலியைப் பிடிக்கிறது. இந்தப் பொறி ஆவியைப் பிடித்து வைக்கிறது.

தண்ணீருக்குக் கணக்கு உண்டு

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது ஊத்துக்கோட்டை. சென்னைக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. 1996-ம் ஆண்டு முதல் தடவையாக அந்தத் தண்ணீர் வந்தது. நுழையும் இடத்துக்கு "ஜீரோ பாயிண்ட்" என்று பெயர். தண்ணீர் வரும் நாட்களில், வினாடிக்கு எத்தனை கன அடி என்று அங்கே அளந்து சொல்லுகிறார்கள். மறுநாள் அது பத்திரிகையில் வந்துவிடும்.

இதே மாவட்டத்தில் தேர்வாய்கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் நிறைய உண்டு. நெல்லை அவிக்க, துணிக்குச் சாயம் ஏற்ற, மருந்துச் சரக்கைக் காய்ச்ச, இப்படிப் பல தொழில்களுக்கு நீராவி வேண்டும். அந்த நீராவியில் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு.

70-ம் 540-ம்

நீராவியை ஏன் இப்படிக் கட்டிக் காக்க வேண்டும்?

ஒரு கிலோ தண்ணீரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் சூடு 30 டிகிரி. அதைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 70 பங்கு வெப்பம் வேண்டும். கொதிக்கிற அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? இன்னும் 540 பங்கு!

இந்த 540 பங்கும் ஆவிக்குள் மறைந்து கிடக்கிறது. ஆவி எப்போது தண்ணீராக மாறுகிறதோ, அப்போதுதான் அதைத் திருப்பிக் கொடுக்கும். 18-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாக் இந்த உண்மையைக் கண்டுபிடித்தார்.

ஆகவே, வேலை செய்து முடித்துத் தண்ணீரான ஆவி வெளியே போனால் பெரிய நஷ்டம் இல்லை. தண்ணீராகும் முன்பே தப்பி ஓடும் ஆவிதான் நஷ்டம். 540 பங்கையும் அது வாரிக்கொண்டு போய்விடும்!

அரிசி ஆலையில்

புழுங்கல் அரிசி ஆலை ஒன்றைப் பார்ப்போம். நெல்லை ஊற வைக்கிறார்கள். ஆவியில் அவிக்கிறார்கள். பிறகு "டிரையர்" என்ற உலர்த்தும் யந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே வளைவு வளைவான குழாய்களுக்குள் நீராவி ஓடுகிறது. மின்விசிறி காற்றை அந்தக் குழாய்கள் மேல் அடிக்கிறது. காற்று சூடாகி நெல்லுக்குள் பாய்கிறது. ஈரம் போகிறது.

இந்தக் குழாய்களின் அடியில், தண்ணீர் வந்து சேரும் இடத்தில், ஸ்டீம் டிராப் உட்கார்ந்திருக்கிறது.

பல டிராப்புகளுக்குள் ஒரு மிதவைப் பந்து உண்டு. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே வந்தால் குழாய் மூடிக்கொள்ளும் அல்லவா? இங்கே நேர்மாறு. தண்ணீர் சேர்ந்து பந்து மேலே வந்தால் வழி திறக்கும். தண்ணீர் போனதும் பந்து இறங்கும். வழி மூடிக்கொள்ளும். ஆவி உள்ளேயே நின்றுவிடும். கவிழ்த்த வாளி மாதிரி ஒரு வகை உண்டு. சின்னத் தட்டு ஒன்று "டக், டக்" என்று எழுந்து உட்காரும் வகையும் உண்டு. வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இரண்டு நோய்

ஸ்டீம் டிராப்புக்கு இரண்டு விதமாக நோய் வரும்.

முதல் நோய், மூடியபடி நின்றுவிடுவது. குழாயில் தண்ணீர் தேங்கும். காற்று சூடாகாது. நெல் உலராது. ஆலை முதலாளி உடனே "என்னப்பா?" என்று கேட்பார். ஆள் வந்து பழுது பார்ப்பான்.

இரண்டாவது நோய், திறந்தபடி நின்றுவிடுவது. தண்ணீர் போகும். அதன் பின்னாலேயே ஆவியும் போகும். ஆனால் நெல் நன்றாகவே உலரும்! எல்லாம் சரியாக நடப்பது போலத்தான் தோன்றும். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கேட்க மாட்டார்கள்.

இந்த இரண்டாவது நோய்தான் பொல்லாதது.

நஷ்டம் எவ்வளவு? அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. டிராப்பின் துவாரம் அரைக்கால் அங்குலம். குழாயில் அழுத்தம் 100 பவுண்டு. அது திறந்தபடி நின்றுவிட்டால் மணிக்கு ஏறக்குறைய 24 கிலோ ஆவி ஓடிவிடும். இரவு பகலாக ஆலை ஓடினால் ஒரு நாளைக்கு 576 கிலோ!

ஒரு கிலோ உமியை எரித்தால் சுமார் 3 கிலோ நீராவி கிடைக்கும். அப்படியானால் நாள்தோறும் 190 கிலோ உமி வீண். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் உமி. ஆகவே ஏறக்குறைய ஒரு டன் நெல்லை அரைத்துக் கிடைத்த உமி முழுவதும், மிளகு அளவு ஓட்டை ஒன்றின் வழியே போய்விடுகிறது!

முன்பு உமியைக் கொட்ட இடம் தேடினார்கள். இப்போது உமிக்கு விலை உண்டு. மிச்சமானால் விற்கலாம். நஷ்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நஷ்டம்தானே?

நியூயார்க்கில் நடந்தது

முதல் நோயை மட்டும் லேசாக நினைத்துவிட வேண்டாம். அரிசி ஆலையில் அது நெல்லைக் கெடுக்கும். பெரிய குழாயில் என்ன செய்யும் என்பதை நியூயார்க் நகரம் பார்த்திருக்கிறது.

அந்த நகரில் கட்டிடங்களைச் சூடாக வைத்திருக்க, தெருவுக்கு அடியில் குழாய் போட்டு நீராவி அனுப்புகிறார்கள். 1882-ம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு அது.

2007-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, மாலை 6 மணி ஆகப் போகிறது. வேலை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போகும் நேரம். திடீரென்று "டமார்!" என்று தெரு வெடித்தது. 1924-ல் புதைத்த, 24 அங்குல அகலமுள்ள நீராவிக் குழாய் அது. சேறும் ஆவியும் பல மாடி உயரத்துக்குப் பீறிட்டன. தெருவில் பெரிய பள்ளம் விழுந்தது. லாரி ஒன்று அதற்குள் சிக்கியது. வெடிகுண்டு என்று நினைத்து மக்கள் சிதறி ஓடினார்கள். ஒருவர் மாரடைப்பால் இறந்தார். பலர் காயம் அடைந்தார்கள்.

காரணம் என்ன? அன்று காலை பலத்த மழை. மழைத் தண்ணீர் குழாயைச் சூழ்ந்து குளிர வைத்தது. உள்ளே ஆவி, தண்ணீராக மாறிக்கொண்டே இருந்தது. அதை வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் டிராப்புகள் அடைத்துக் கிடந்தன! முன்பு ஒரு கசிவை மூடப் பூசிய பசை உள்ளே போய் அவற்றை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீரும் ஆவியும் மோதின. சம்மட்டி அடி போல் விழுந்த அந்த அடியில் குழாய் பிளந்தது.

நம் ஆலைகளில் காலையில் நீராவியைத் திறந்ததும் குழாய் "டங், டங்" என்று அடித்துக்கொள்வது உண்டு. பழகிப்போன சத்தம்தானே என்று சிலர் இருந்துவிடுவார்கள். அதே சம்மட்டிதான் அது! வால்வை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காது கொடுத்துக் கேட்பது

டிராப் நோயாளியா, நலமா என்று எப்படி அறிவது?

காபி கெண்டியின் மூக்கைப் பாருங்கள். மூக்கை ஒட்டிக் கொஞ்சம் இடம் வெறுமையாகத் தெரியும். அதற்கு அப்பால்தான் வெள்ளைப் புகை. அந்த வெறுமையான இடத்தில் இருப்பதுதான் உண்மையான நீராவி. வெள்ளைப் புகை, குளிர்ந்த நீர்த்துளிக் கூட்டம். டிராப்பின் வாயிலும் இப்படி வெறும் இடம் விட்டு, "ஸ்..." என்று ஓயாமல் சீறினால், ஆவி தப்புகிறது என்று அர்த்தம். சோம்பலாக எழும் வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டாம். நல்ல டிராப்பிலும் அது வரும்.

நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை டிராப்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அனுபவசாலிகளின் வழக்கம். தட்டு வகை டிராப் விட்டு விட்டு அடித்தால் நலம். படபடவென்று துடித்தால் தேய்ந்துவிட்டது. காதுக்கு எட்டாத ஒலியையும் கேட்டுச் சொல்லும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன.

மூன்று முதல் ஐந்து வருடம் கவனிக்காமல் விட்ட ஆலையில், 100 டிராப்புகளில் 15 முதல் 30 வரை கெட்டிருக்கக் கூடும் என்கிறது அதே அமெரிக்கத் துறை. ஒழுங்காகச் சோதித்தால் ஐந்துக்கும் குறைவாகவே கசியும்.

இந்தியாவிலும் 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதைக் கவனிக்க 2002-ல் ஒரு மத்திய அமைப்பும் வந்தது. எரிபொருளை மிகுதியாகச் செலவழிக்கும் பெரிய ஆலைகளுக்கு எரிசக்தித் தணிக்கை உண்டு. சின்ன ஆலைக்காரர்கள் தாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. டிராப்பைச் சுற்றிப் போக ஒரு "பைபாஸ்" குழாய் இருக்கும். அவசரத்துக்கு அதைத் திறந்து வைப்பார்கள். மூட மறந்துவிடுவார்கள். பாய்லர்காரரைத் திட்டிப் பயன் இல்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியது யார்?

டிராப்பிலிருந்து வரும் சுடுதண்ணீரையும் சாக்கடையில் விடக் கூடாது. அதைப் பாய்லர் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம். பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருளில் 100-க்கு ஒரு பங்கு மிச்சம். அது உப்பு இல்லாத சுத்தமான தண்ணீர் என்பதால் பாய்லருக்குள் காரையும் படியாது.

ஒவ்வொரு டிராப்புக்கும் ஒரு தகர வில்லை. அதில் ஒரு எண். பாய்லர் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த எண், எந்தத் தேதியில் பார்த்தது, நலமா கசிவா என்று அதில் எழுதினால் போதும். ஐம்பது டிராப் உள்ள ஆலையிலும் இதற்கு ஒரு நாள் வேலைக்கு மேல் ஆகாது.